மூச்சுக் கணக்கு

சத்திர சிகிச்சை முடிந்து மூன்றாம் நாட் காலை. இயன்மருத்துவப் பிரிவைச் சேர்ந்த ஓர் இளம் பெண் என்னைக் கட்டிலின் ஓரத்தில் நிமிர்த்தி இருத்தினார். "சேர், மூச்சை நல்லா உள்ளுக்கு இழுத்துப்போட்டு, ஒரே மூச்சிலை ஒண்டு, ரெண்டு எண்டு எண்ணுங்கோ பாப்பம்" என்றார்.

எனக்கு உள்ளூரச் சிரிப்பு வந்தது. இருபத்திரண்டு வருஷங்களாக ஓர் இந்துக் கல்லூரியிலே தமிழ் படிப்பிப்பவன் நான். நீண்ட விருத்தங்களைக் கடைசி வாங்கில் இருக்கும் பிள்ளைக்கும் கேட்கும்படி ஓசை குன்றாமற் பாடிக் காட்டுவது என் தொழில். எண்ணுவதா எனக்குக் கடினம்? மூச்சை இழுத்தேன், எண்ணத் தொடங்கினேன். ஆறு சொல்லும்போது குரல் நடுங்கிற்று. ஏழு என்றதும் மூச்சு முடிந்துவிட்டது. எட்டைச் சொல்ல வாய் திறந்தது, ஓசை வரவில்லை.

"பரவாயில்லை சேர். முதல் நாள்தானே" என்று சொல்லி, அந்தப் பெண் தமது கொப்பியில் ஏழு என்று குறித்துக்கொண்டார். பரீட்சையில் நூற்றுக்கு ஏழு புள்ளி பெற்ற மாணவனின் மனநிலை எத்தகையது என்பதை அன்றுதான் நான் அறிந்தேன்.

நோயாளி தன் நோயைப் பற்றிப் பேசத் தொடங்கினால் கேட்பவர்களுக்குக் கொட்டாவி வரும் என்பதை நான் அறியாதவனல்லன். ஆயினும் இதைச் சொல்லாமல் விடுவது தவறு என்றே தோன்றுகின்றது. இருதய நோயைப் பற்றி இன்று எல்லாரும் பேசுகின்றோம். இருதயத்தைத் திருத்திய பின் மூச்சுக்கு என்ன நேரும் என்பதைப் பேசுவார் இல்லை. நானும் அதை அறிந்திருக்கவில்லை. அந்த அறியாமைக்கு உரிய விலையைப் பின்னர் நானே கொடுத்தேன்.

மூன்று வருஷங்களுக்கு முன்னர், வைகாசி மாதத்தில் ஒரு நாள், கல்லூரியின் மேல்மாடிக்குப் படியேறிக்கொண்டிருந்தேன். நெஞ்சிலே யாரோ அம்மியைத் தூக்கி வைத்தாற்போல ஓர் இறுக்கம். இடக்கை விரல் வரை அது பரவிற்று. அப்போது எனக்கு வயது நாற்பத்தேழு. பரிசோதனைகள் நடந்தன. இருதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் முடியுருக் குழாய்களில் மூன்று ஒடுங்கியிருப்பதாகவும், பைபாஸ் எனப்படும் மாற்றுவழிச் சத்திர சிகிச்சையே தக்கது என்றும் வைத்தியர் சொன்னார். என் பாட்டனார் புகையிலைத் தோட்டம் செய்தவர். தகப்பனார் சுருட்டை வாயிலிருந்து எடுக்காதவர். நானோ நாகரிகம் கண்டு, நாளொன்றுக்கு ஆறேழு சிகரெட்டாக அதனை மாற்றிக்கொண்டவன். அன்றோடு அந்தப் பழக்கத்தை விட்டேன்.

சத்திர சிகிச்சைக்கு நாள் வருவதற்குப் பத்து வாரங்கள் சென்றன. இந்தப் பத்து வாரங்களைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

வீட்டில் எல்லாரும் என்மீது கொண்ட அன்பு அளவிறந்தது. விறாந்தையிலே சாய்மனைக் கதிரை ஒன்று போடப்பட்டது. அதுவே என் உலகமாயிற்று. மனைவி சைக்கிள் திறப்பை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். பேப்பர் வாங்கச் சந்திவரை நடந்து போக எழுந்தாலும், "அப்பா, நீங்கள் இருங்கோ, நான் போறன்" என்று மகள் ஓடினாள். காலையிலே சுவாமி அறையில் வாய்விட்டுத் தேவாரம் பாடுவது என் நெடுநாள் வழக்கம். அதையும் அம்மா தடுத்துவிட்டார். "நெஞ்சு நோக நோகப் பாடவேண்டாம் ராசா. மனசுக்குள்ளை சொல்லிக் கும்பிடு. முருகனுக்குக் கேக்கும்" என்றார். முருகனுக்குக் கேட்டிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் என் நெஞ்சுக்கூட்டிலுள்ள தசைகளுக்கு அது கேட்கவில்லை. அவை பத்து வாரங்களும் கதிரையில் என்னோடு சேர்ந்து உறங்கின.

என் மாமா ஒருவருக்கும் இருதயச் சத்திர சிகிச்சை நடந்தது. அது 1980களில். இளமையில் வந்த மூட்டுவாதக் காய்ச்சல் இருதயத்தின் வால்வைப் பழுதாக்கியிருந்தது. காணியை ஈடுவைத்துக் கடல் கடந்து சென்னைக்குப் போனார். அவர் திரும்பி வந்தபோது ஊரே கூடிப் பார்த்தது. இன்றோ யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலேயே நெஞ்சைத் திறந்து செய்யும் இருதயச் சத்திர சிகிச்சை நடைபெறுகின்றது. ஆனையிறவைக் கடக்காமலே என் இருதயம் செப்பனிடப்பட்டது.

இந்த வித்தை உலகத்துக்கே புதியதுதான். இருதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் சிறிது நேரம் ஏற்று நடத்தும் யந்திரத்தை, 1953ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் திகதி அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஜோன் கிபன் என்ற வைத்தியர், பதினெட்டு வயது யுவதி ஒருவருக்கு வெற்றிகரமாகப் பயன்படுத்தினார். அடைபட்ட முடியுருக் குழாயைத் தாண்டி, காலிலிருந்து எடுத்த நாளத்தை ஒட்டிப் புதுவழி அமைக்கும் முறையை 1967இல் கிளீவ்லாந்து நகரில் நிலைபெறச் செய்தவர் ஆர்ஜென்டீனா தேசத்தவராகிய ரெனே பவலோரோ. 1975இல் இந்தியாவின் முதலாவது பைபாஸ் சிகிச்சையைச் சென்னைப் பெரம்பூர் ரயில்வே வைத்தியசாலையிலே செய்தவர் கே. எம். செரியன். ஏறக்குறைய நான் பிறந்த காலம் வரை தமிழ் நிலத்தில் எவருக்கும் கிட்டாத சிகிச்சை எனக்குக் கிட்டியது. இதை நினைக்கும்போதெல்லாம் கைகூப்பத் தோன்றுகின்றது.

இனி, மூச்சின் கதைக்கு வருவோம்.

ஏழோடு என் எண்ணிக்கை நின்ற அன்று மாலை, "இருதயத்தில்தானே வெட்டினார்கள்? மூச்சு ஏன் போயிற்று?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அவர் ஆங்கிலச் சொல் ஒன்றைக் கூறினார். நான் விழித்தேன். "பிரிமென்றகடு, சேர்" என்றார். சிறுவயதிற் சுகாதார பாடப் புத்தகத்திற் படித்த சொல்! நெஞ்சறையையும் வயிற்றறையையும் பிரித்து நிற்கும், கவிழ்த்த கிண்ணம் போன்ற மெல்லிய தசை. உடனே விளங்கிற்று.

நுரையீரல் தானாக விரியமாட்டாது. காற்றை உள்ளே இழுக்கும் தசை அதனிடம் இல்லை. பிரிமென்றகடு சுருங்கிக் கீழிறங்குகின்றது. விலா என்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் நெஞ்சுக்கூட்டை உயர்த்தி அகட்டுகின்றன. அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வருகின்றது. துருத்தியின் தோலை இழுக்கும் கை இந்தத் தசைகளே. ஓய்வாக இருக்கும்போது ஒரு மூச்சில் ஏறக்குறைய அரை லீற்றர் காற்றை இழுக்கின்றோம். நாளொன்றுக்கு இருபதினாயிரம் தடவைக்கு மேல் இந்தத் துருத்தி அசைகின்றது. நாம் அதனை நினைப்பதேயில்லை.

சத்திர சிகிச்சையிலே நெஞ்சின் நடுவிலுள்ள மார்பென்பை மேலிருந்து கீழாக வாளால் அரிந்து திறக்கின்றார்கள். முடிவில் உருக்குக் கம்பிகளால் அதனைப் பொருத்திக் கட்டுகின்றார்கள். பெரும்பாலும் மார்பின் உட்புறத்தில் ஓடும் நாடி ஒன்றைப் பிரித்தெடுத்து இருதயத்தோடு இணைக்கின்றார்கள். அதன்போது நுரையீரலைப் போர்த்திருக்கும் மென்சவ்வும் திறபடுவதுண்டு. யந்திரம் வேலை செய்யும் நேரத்தில் நுரையீரல் காற்றின்றிச் சுருங்கிக் கிடக்கின்றது. பிரிமென்றகட்டுக்கு ஆணை கொண்டுசெல்லும் நரம்போ கழுத்திலிருந்து புறப்பட்டு, இருதயத்தின் பக்கவாட்டிலே உரசிக்கொண்டு இறங்குவது. இருதயத்தைக் குளிர்விக்கும் குளிர் சிலவேளைகளில் அந்த நரம்பையும் மரத்துப்போகச் செய்யும். இவ்வளவுக்கும் மேலாக நோவு. நோகும் நெஞ்சை யார்தான் விரிப்பார்கள்?

இதன் பயனாக, ஒருவர் முழுமூச்சாக இழுத்து முற்றாக வெளிவிடக்கூடிய காற்றின் அளவு, முதற் சில நாட்களில் முன்பிருந்ததன் பாதியளவுக்குக்கூடக் குறைந்துவிடலாம். அது மீள வாரங்கள் செல்லும். சிலருக்கு மாதங்கள் செல்லும். இது எவருடைய தவறும் அன்று. நெஞ்சைத் திறந்து செய்யும் சிகிச்சையோடு கூடவே வருவது.

அன்று நான் கேட்ட இன்னொரு செய்தி என்னை வியப்பில் ஆழ்த்திற்று. பெருமூச்சு என்றால் துயரத்தின் அடையாளம் என்றுதானே நம் இலக்கியங்கள் சொல்கின்றன? சுகதேகியான ஒவ்வொருவரும், துயரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஏறக்குறைய ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை தம்மை அறியாமலே ஒரு பெருமூச்சு விடுகின்றார்களாம். நுரையீரலின் கோடிக்கணக்கான நுண்ணறைகளிற் சில அவ்வப்போது ஒட்டிப்போகும். அவற்றை மீண்டும் விரித்துவிடுவது அந்தப் பெருமூச்சே. நோவினாலும், நோவுக்காகக் கொடுக்கும் வலிய மருந்துகளினாலும், சத்திர சிகிச்சை பெற்றவனுக்கு அந்தப் பெருமூச்சு அற்றுப்போகின்றது. ஒட்டிய அறைகள் ஒட்டியபடியே கிடக்கும். அங்கே சளி தேங்கும். சளியிற் கிருமி சேரும். நுரையீரல் அழற்சி வரும். இயற்கையாக வராத பெருமூச்சை நோயாளி தானே முயன்று விடவேண்டும். மூச்சுப் பயிற்சியின் இரகசியம் இவ்வளவுதான்.

இதை அறிந்த பிறகும் நான் ஒரு பிழை செய்தேன். நோவு உண்டா என்று தாதிமார் கேட்கும்போதெல்லாம் "இல்லை, பொறுக்கலாம்" என்று சொல்லிவந்தேன். நோவைப் பொறுப்பது ஆண்மை என்பது என் எண்ணம். இரவிலே இருமல் வரும்போது வாயை மூடி அடக்கிக்கொண்டேன். நாலாம் நாள் மாலை காய்ச்சல் வந்தது. நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்ததில், இடது நுரையீரலின் அடிப்பாகம் காற்றிழந்து சுருங்கியிருப்பது தெரிந்தது. மூக்கில் மறுபடியும் பிராணவாயுக் குழாய் ஏறிற்று. மனைவி என் கட்டிலருகே நின்று ஒன்றும் பேசாமற் புடைவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். இருதயம் நலமாக இயங்குகின்றது. மூச்சினால் மனிதன் போய்விடுவானோ என்ற பயம் அன்றிரவு எங்கள் இருவருக்கும் இருந்தது. இருவரும் அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

மறுநாட் காலை வந்த அந்த இயன்மருத்துவப் பெண் என்னைக் கடிந்துகொண்டார். "சேர், நோவைப் பொறுத்துக்கொண்டிருக்கிறது வீரமில்லை. நோவுக்குப் பயந்து நீங்கள் அரை மூச்சுத்தான் விடுறியள். நோ மருந்து தாறது நீங்கள் சுகமாப் படுக்கிறதுக்கில்லை; நல்லா மூச்செடுத்து இருமிறதுக்கு." வகுப்பிலே நான் எத்தனையோ பிள்ளைகளைக் கடிந்திருக்கின்றேன். என்னைக் கடிந்தவர்களிலே இவ்வளவு சரியாகக் கடிந்தவர் வேறொருவர் இல்லை.

தலையணை ஒன்றை மார்போடு இறுக அணைத்துக்கொண்டு இருமும் முறையைக் கற்றுத்தந்தார். அணைப்பு இருந்தால் பொருத்திய என்பு அசையாது, நோவும் குறையும். மூன்று சிறு குண்டுகள் உள்ள பிளாஸ்ரிக் உபகரணம் ஒன்றும் கையில் வந்தது. வாயினால் மெல்ல உறிஞ்ச, குண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும். முதலாவது குண்டு எழச் செக்கனுக்கு 600 மில்லிலீற்றர் வேகத்திற் காற்றை இழுக்க வேண்டும், இரண்டாவதற்கு 900, மூன்றாவதற்கு 1200. முதல் நாள் ஒரு குண்டு அசைந்து பார்த்துவிட்டு மீண்டும் அமர்ந்துகொண்டது. "இந்தக் குண்டுகளை நம்பிக்கொண்டு படுத்திருக்காதேங்கோ. எழும்பி நடவுங்கோ" என்றும் அவர் எச்சரித்தார். பல ஆய்வுகளை ஒருங்கே ஆராய்ந்தவர்களும் இதையே சொல்கின்றார்கள்: குண்டை உயர்த்துவதால் மட்டும் தனிப்பயன் உண்டென்று நிறுவ முடியவில்லை. நிமிர்ந்திருத்தல், ஆழ மூச்செடுத்தல், இருமுதல், நடத்தல் எல்லாம் சேர்ந்ததே மருந்து.

என் பக்கத்துக் கட்டிலில் வடமராட்சியைச் சேர்ந்த முதியவர் ஒருவர் இருந்தார். வயது அறுபத்தெட்டு. கோயிலிலே கந்தபுராண படனம் செய்பவர். எனக்கு முதல்நாள் அவருக்கும் இதே சத்திர சிகிச்சை நடந்திருந்தது. மூன்றாம் நாள் அவர் ஒரே மூச்சிற் பதினாறு வரை எண்ணினாராம். என்னிலும் இருபத்தொரு வயது மூத்தவர்! இரகசியம் என்னவென்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"நாள் வரும்வரைக்கும் நான் படிப்பை விடேல்லை, மாஸ்ரர். டொக்டரிட்டைக் கேட்டன். நெஞ்சு நோகாத அளவிலை மெதுவாப் படியுங்கோ, நோ வந்தால் நிப்பாட்டுங்கோ எண்டார். விடிய எழும்பிக் கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம். கோயிலுக்கும் மெல்ல மெல்ல நடந்துதான் போனன். உங்களை ஆர் பாடவேண்டாமெண்டு சொன்னது?"

என்ன விடை சொல்வேன்? என்னைத் தடுத்தது அன்பு. அன்பைக் குற்றஞ்சாட்ட எந்த நீதிமன்றம் உண்டு? குற்றம் என்னுடையதே. அந்த முதியவர் வைத்தியரைக் கேட்டார். நான் வீட்டாரைக் கேட்டேன்.

ஒரு மனிதரின் கதை ஒரு சாத்திரத்துக்கு ஆதாரமாகாது என்பதை நான் அறிவேன். அவருக்குப் புகைப் பழக்கம் இல்லாமையும் ஒரு காரணமாகலாம். ஆனால் இது பற்றிப் பின்னர் நான் தேடிப் படித்தபோது, அவருடைய அனுபவத்தோடு ஒத்துப்போகும் ஆராய்ச்சி ஒன்றைக் கண்டேன். நெதர்லாந்திலுள்ள உட்ரெக்ட் நகரத்து வைத்தியசாலையில் நடந்த அந்த ஆராய்ச்சி, 2006ஆம் ஆண்டு அமெரிக்க வைத்திய சங்கத்தின் சஞ்சிகையில் வெளியாயிற்று. பைபாஸ் சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களில், நுரையீரற் சிக்கல் வரக்கூடிய அபாயம் மிகுந்த 279 பேரைத் தெரிந்து இரு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு வழக்கமான கவனிப்பு. மற்றக் கூட்டத்துக்குக் குறைந்தது இரண்டு வாரம், நாள்தோறும் இருபது நிமிஷம், மூச்சை உள்ளிழுக்கும் தசைகளுக்குப் பயிற்சி. ஸ்பிறிங் பொருத்திய சிறு குழாய் ஒன்றினூடாக மூச்சை இழுப்பதே அந்தப் பயிற்சி. ஸ்பிறிங்கின் எதிர்ப்பை வெல்லும் பலத்தோடு இழுத்தாற்றான் காற்று வரும். பலம் கூடக்கூட எதிர்ப்பையும் கூட்டுவார்கள். சத்திர சிகிச்சையின் பின், பயிற்சி பெறாதவர்களில் நூற்றுக்கு 35 பேருக்கு நுரையீரற் சிக்கல் ஏற்பட்டது. பயிற்சி பெற்றவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கே ஏற்பட்டது. நுரையீரல் அழற்சியும் நூற்றுக்கு 16 பேரிலிருந்து ஆறேழு பேராகக் குறைந்தது.

இதைப் படித்த அன்று அந்தச் சாய்மனைக் கதிரையைத் திரும்பிப் பார்த்தேன். பத்து வாரங்கள்! இரண்டு வாரங்களே அவர்களுக்குப் போதுமானதாயிருந்தன. நான் சும்மா கழித்தவை பத்து.

மூச்சுத் தசைகளின் பலத்தை அளப்பதற்கும் ஒரு முறை உண்டு. அடைத்த குழாய் ஒன்றை வாயில் வைத்து, இயன்ற மட்டும் பலமாக உறிஞ்சச் சொல்வார்கள். அந்த இழுப்பு எத்தனை சென்ரிமீற்றர் உயரத்துக்கு நீரை ஏற்றக்கூடியது என்பதே கணக்கு. இளநீரை உறிஞ்சும் குழாய் ஒரு மீற்றர் நீளமாயிருந்தால், அதன் உச்சிவரை இளநீரை இழுத்தெடுக்கும் பலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுகதேகியான ஓர் ஆண்மகனுக்கு ஏறக்குறைய அந்தப் பலம் இருக்கும். எனக்குச் சத்திர சிகிச்சைக்கு முன் 54. மூன்றாம் நாள் 26.

காய்ச்சல் தணிந்தது. நடைபாதையில் முதலிற் பத்து அடி, பிறகு ஒரு கரை, பிறகு இரண்டு கரை என்று நடந்தேன். மனைவி கூடவே நடந்து கணக்குப் பார்த்தாள். பதினோராம் நாள் வீட்டுக்கு அனுப்பியபோது என் எண்ணிக்கை 14.

வீட்டிலே கட்டுப்பாடுகள் பல. மார்பென்பு பொருந்தும் வரை, ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு, கிணற்றில் வாளி இழுக்கக்கூடாது, சைக்கிள் ஓடக்கூடாது, பாரந் தூக்கக்கூடாது, கோயிலில் விழுந்து கும்பிடக்கூடாது. பார்க்க வந்த அன்பர்கள் சிலர் பிராணாயாமம் செய்யும்படி புத்தி சொன்னார்கள். வைத்தியரைக் கேட்டேன். மெல்ல இழுத்து மெல்ல விடும் ஆழ்ந்த மூச்சு நன்று. ஆனால் மூச்சை வலிந்து அடக்கும் கும்பகம் இப்போது வேண்டாம், அது நெஞ்சினுள் அழுத்தத்தைக் கூட்டும் என்றார். முன்னோர் தந்த வித்தையையும் காலம் அறிந்தே பயில வேண்டும் அன்றோ?

இந்த முறை அம்மா என்னைத் தடுக்கவில்லை. நான் குண்டுகளை உயர்த்தும்போது பக்கத்தில் இருந்து, "இன்னும் கொஞ்சம், ராசா, மூண்டாவது எழும்புது" என்று உற்சாகமூட்டினார். இரண்டாம் மாதம் தொடக்கம் அந்த ஸ்பிறிங் குழாயையும் இயன்மருத்துவப் பிரிவின் மேற்பார்வையில் நாள்தோறும் பயின்றேன். விடியற்காலையில் ஒழுங்கையின் முடிவுவரை நடை. மூன்றாம் மாத முடிவில் உறிஞ்சும் பலம் 71. ஒரே மூச்சில் எண்ணியது 36. நல்ல பலமுள்ளவர்கள் ஐம்பது வரை எண்ணுவார்களாம். நான் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை.

கல்லூரிக்குத் திரும்பிய முதல் நாள், அதிபர் அவர்கள் என் வகுப்பைக் கீழ்மாடிக்கு மாற்றித் தந்தார். விருத்தம் ஒன்றைப் பாடிக் காட்டினேன். மூன்றாம் அடியின் நடுவில் மூச்சு வாங்க நிறுத்த வேண்டியதாயிற்று. பொருள் நயத்துக்காகவே நிறுத்தினேன் என்று எண்ணி, மாணவர்கள் அந்தச் சொல்லைக் கொப்பியில் அடிக்கோடிட்டார்கள். நானும் திருத்தவில்லை.

ஒன்று மாத்திரம் சொல்லி முடிக்கின்றேன். 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு நம் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். 1867இல் 'இரணவைத்தியம்', 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்று பெரிய நூல்களைத் தமிழில் வெளியிட்டார். அத்தகைய மண்ணிலே, தன் நெஞ்சுக்கு என்ன நடக்கப்போகின்றது என்பதை ஒரு நோயாளி தன் தாய்மொழியிற் கேட்டு அறிந்துகொள்ளாமல் இருப்பது முறையன்று. நான் கேட்காமல் இருந்தேன். என் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தது போல, கேட்டவுடன் அந்தப் பெண் எவ்வளவு தெளிவாக விளக்கினார்!

ஆகவே, உங்கள் வீட்டில் யாராவது இருதயச் சத்திர சிகிச்சைக்கு நாள் பார்த்துக் காத்திருந்தால், வைத்தியரிடம் இந்த மூன்றையும் கேளுங்கள். காத்திருக்கும் காலத்தில் இவர் எவ்வளவு நடக்கலாம்? மூச்சுத் தசைகளுக்கு என்ன பயிற்சி செய்யலாம்? வாய்விட்டுப் பாடலாமா? எல்லாருக்கும் ஒரே விடை கிடையாது. ஓய்வாக இருக்கும்போதே நெஞ்சு நோபவர்களுக்கும், வால்வு மிக ஒடுங்கியவர்களுக்கும் முயற்சியே ஆபத்தாக முடியலாம். அதனால்தான், கேளாமற் செய்யவும் வேண்டாம். கேளாமற் சும்மா இருக்கவும் வேண்டாம். புகைப்பவராயின் அன்றே நிறுத்துங்கள். சத்திர சிகிச்சையின் பின் நோ இருந்தால் மறைக்காமற் சொல்லுங்கள், இருமலை அடக்காதீர்கள்.

என் இருதயத்தைத் திருத்தியவர்கள் வைத்தியர்கள். அப்போது நான் மயக்கத்திற் கிடந்தேன். என் பங்கு ஒன்றுமில்லை. மூச்சை மட்டும் எனக்காக வேறெவரும் மீட்டுத் தர முடியவில்லை. காலையிலே சுவாமி அறையில் இப்போது மீண்டும் வாய்விட்டுப் பாடுகின்றேன். இடையிடையே நிறுத்தித்தான் பாடுகின்றேன். அம்மா அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கின்றார்.